நான்கு டிஸ்க்கும் வேறொருவர் கையில்

செத்துப்போன ஒருவரின் குரலுக்கு மூவாயிரம் கேட்டேன். கேட்டு வந்த எங்கள் தெருத் தையல்காரர் பேரம் பேசி இரண்டாயிரத்தில் முடித்தார். இனி வருவதில் ஒரு வார்த்தைகூடக் கூட்டவில்லை. விலையைத் தவிர எதையும் கூட்டிச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

கெட்டுப்போன கணினி ஹார்ட் டிஸ்க்குகளில் இருப்பதை மீட்பது என் தொழில். அவர் பையில் நான்கு டிஸ்க் கொண்டுவந்தார்.

"தம்பி பாடி வச்சதெல்லாம் இதுலதான் இருக்கு, அண்ணே. அம்மா படுத்த படுக்கையா இருக்காங்க. அவன் குரலை ஒரு தடவை கேக்கணுமாம். இன்னிக்கே வேணும்."

நான்கும் சேர்ந்தால்தான் ஒரு தொகுப்பு. எந்தத் தொகுப்பில் எந்தெந்த டிஸ்க் என்று கணினி ஒரு சின்னக் கோப்பில் குறித்துக்கொள்ளும். கழற்றுமுன், தொகுப்பை விட்டுவிட்டதாக, அவை இருந்த பழைய கணினி டிஸ்க்கிலேயே எழுதவேண்டும். இவர் அப்படியே பிடுங்கி வந்திருக்கிறார். எல்லாரும் செய்கிற தப்புதான்.

பகல் 2:17. மாட்டினேன். 'வேறொரு கணினி இதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது' என்றது திரை. அந்தக் கணினி கடைசியாகத் தொட்ட நேரம்... 2:17.

என் கணினியின் குறிப்பில்தான் தப்பு இருக்கும். அந்தக் குறிப்புக் கோப்பை அழித்தேன். டிஸ்க்குகளை நேரடியாகத் தேடச் சொன்னேன். அதே பதில். தொட்ட நேரம் 2:31. சுவர்க் கடிகாரத்திலும் 2:31. மண்டை காய்ந்தது. இரண்டாயிரத்துக்கு இந்தப் பாடா?

நெட் கேபிளைப் பிடுங்கினேன். 2:44. தொட்ட நேரமும் 2:44.

வெறுத்துப்போய் நான்கையும் கழற்றி மேசையில் வைத்தேன். வயர் இல்லை. மின்சாரம் இல்லை.

டிக்... டிக்... டிக்...

மூன்றாவது டிஸ்க்கைத் தொட்டேன். சுட்டது.

உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது.

போன் அடித்தது. "ஆச்சா, அண்ணே? அம்மாவுக்கு மூச்சு இழுக்குது..."

மறுபடி மாட்டினேன். கட்டாயமாகத் திறக்க உத்தரவிட்டேன். 3:05. திறந்தது. அறுபத்தொரு பாட்டு.

நான்கு டிஸ்க்கும் சட்டென்று ஜில்லிட்டன.

மறுநாள் தையல்காரர் வந்தார். கண் வீங்கியிருந்தது.

"கேட்டுட்டாங்க, அண்ணே. சிரிச்ச முகமாவே போயிட்டாங்க."

"மனசத் தேத்திக்கங்க. ஒண்ணு கேக்கணும். அந்தப் பழைய கம்ப்யூட்டரை யாரு ஓட்டுறா?"

"அதையா? யாரு ஓட்டுவா?" அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அது இல்லாம அவன் தூங்கினதே இல்லை. டிஸ்க்கை மட்டும் எடுத்துட்டு, பெட்டிக்குள்ள தலைமாட்டுல வச்சு அவனோடவே புதைச்சுட்டோம்."

கணக்கை அன்றே எழுதிவிட்டேன். கொடுத்தது: அறுபத்தொரு பாட்டு. வாங்கிய கூலி: இரண்டாயிரம். உடையவனின் அனுமதி: பாக்கி.