மொட்டை வேம்பின் உயரம்

ஆடி மாதம் வந்தால் எனக்கு வேப்பிலை வாசனையே ஆகாது. அம்மன் மேல் கோபமில்லை. கோபமெல்லாம் என் மேல்தான்.

அப்போது காக்களூரில் ஒரு கம்பெனியில் மரம் அளக்கும் வேலை பார்த்தேன். சிரிக்காதீர்கள், ஏசி ரூமில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில்தான் அளந்தேன். சின்ன விமானம் ஒன்று பறந்துகொண்டே கீழே லேசர் ஒளியை வீசும். அது இலையில், கிளையில், தரையில் பட்டுத் திரும்பும் இடமெல்லாம் ஸ்கிரீனில் புள்ளி புள்ளியாகத் தெரியும். எந்தப் புள்ளி எந்த மரத்துடையது என்று பிரித்து, ஒவ்வொரு மரத்துக்கும் வட்டம் போட்டு, உயரம் குறிக்க வேண்டும். காட்டு மரங்களாகவே பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு ஒருமுறை கும்மிடிப்பூண்டிப் பக்கம் புது ரோட்டு வேலை வந்தது. மரம் இருபது அடிக்கு மேல் இருந்தால் அதை விட்டு ரோட்டை ஒதுக்கிப் போடுவார்கள். குறைந்தால் புதர்க் கணக்கு, வெட்டிவிடலாம்.

அந்த வழியில்தான் என் அண்ணியின் இட்லிக் கடை. கடை என்ன கடை! ஒரு வேப்பமரம், கீழே அடுப்பு, இரண்டு பெஞ்சு. ஷிப்ட் முடிந்து வரும் ஸ்டீல் கம்பெனி ஆட்கள் அந்த நிழலுக்காகத்தான் உட்காருவார்கள். அண்ணன் போன பிறகு அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் அதுதான் சோறு போட்டது.

"நம்ம மரத்துக்கு ஒண்ணும் ஆவாதே?" என்று கேட்டார்.

"இம்மாம் பெரிய மரத்த எவன் தொடுவான் அண்ணி?" என்றேன், பெரிய இவள் மாதிரி.

அந்த ஆடியில் தெருவில் கூழ் ஊற்றினோம். பந்தலுக்கு வேப்பிலை எப்போதும் அண்ணி மரத்தில்தான் ஒடிப்பது. "கீழ் கிளையே போதும்டி" என்றார் அண்ணி. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா?

"கீழ எல்லாம் அடுப்புப் பொக ஏறிக் கெடக்குது. ஆத்தாளுக்கு இத்தயா கட்டுவாங்க? உச்சியில கொழுந்தா இருக்குது பாருங்க."

மரத்தில் ஏறியவர் அதைக் கேட்டு உச்சிக் கிளைகளையெல்லாம் தறித்துத் தள்ளினார். பந்தல் பச்சைப்பசேலென்று இருந்தது. எல்லாரும் மெச்சியதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வாரமே விமானம் பறந்தது. அது வரும் நாள் எனக்கு முன்பே தெரியும். ஆபீஸ் பலகையில் எழுதியிருந்தது, தினமும் அதைத் தாண்டித்தான் போனேன். இரண்டையும் சேர்த்து யோசிக்க இந்த மண்டைக்குத் தோன்றவில்லை.

ஸ்கிரீனில் அண்ணியின் மரத்துக்கு வட்டம் போட்டேன். பதினெட்டு அடி. சூப்பர்வைசரிடம் ஓடினேன்.

"சார், இது ஆடிக்கு ஒடிச்ச மரம் சார். சீக்கிரம் தழைச்சிடும்."

"லேசருக்கு ஆடி தெரியுமாம்மா? எதுல பட்டுச்சோ அதான் உயரம்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான் சொன்னதையும் குறிப்பாகச் சேர்த்துத்தான் அனுப்பினார். அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

அன்று சாயங்காலமே அண்ணியிடம் சொல்லி அழுதேன். நாலு அறை விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"உன்னால இன்னாடி? ஆத்தா கேட்டா, குடுத்தோம்" என்று என் கண்ணைத் துடைத்துவிட்டார்.

ஆத்தாளா கேட்டாள்? நான்தானே கேட்டேன்!

தை மாதம் வெட்ட வந்தார்கள். அதற்குள் மரம் நெடுநெடுவென்று துளிர்த்திருந்தது. அன்றைக்கு அளந்திருந்தால் இருபதைத் தாண்டியிருக்கும், சத்தியமாக.

அடுத்த ஆடியில் ஒரு மத்தியானம் கடைக்குப் போனேன். புது ரோட்டோரம் நாலு கம்பு நட்டு, நீலத் தார்ப்பாய் ஒன்றைக் கட்டியிருந்தார் அண்ணி. அடுப்பு போக ஒரு ஆள் நிற்கத்தான் அதில் நிழல். பெஞ்சு காலியாக வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

"வெயில்ல இன்னாத்துக்கு நிக்கற? உள்ள வா" என்று கையைப் பிடித்து இழுத்து என்னைத் தார்ப்பாயின் கீழே நிறுத்தினார். பிறகு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, வெளியே நின்றபடி எனக்கு இட்லி எடுத்து வைத்தார்.