ஒற்றுப்பிழை இல்லாத நாவல்

அலுவலகத்தில் அவளுக்கு ஒற்று அக்கா என்று பெயர். கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் அவளைவிட மூத்தவர்கள், ஆனாலும் அக்காதான். வல்லினம் மிகும் இடத்தில் ஒரு 'க்'கோ 'ப்'போ விட்டுப்போயிருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. கழிப்பறைக் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பைக்கூடச் சிவப்புப் பேனாவால் திருத்தியவள். புத்தகம் போடும் அந்த நிறுவனத்தில் இருபத்திரண்டு வருடமாக எடிட்டர். மூன்றாம் மாடியில், தாள்கட்டுகளுக்கு நடுவே அவளுடைய அறை. ஜன்னல் உண்டு, திறக்க முடியாது. குறுக்கே இரும்பு அலமாரி நிற்கிறது. நகர்த்தித் தருவதாக முதலாளி சொல்லிப் பதினேழு வருடம் ஆகிறது.

முதலாளி நல்லவர்தான். அதுதான் சங்கடம். கெட்டவராக இருந்திருந்தால் என்றைக்கோ கோபித்துக்கொண்டு போயிருப்பாள். "நீங்க பார்த்துட்டா எனக்குக் கவலையில்லம்மா" என்று ஒரு வார்த்தை சொல்வார். இவளும் உச்சி குளிர்ந்து அடுத்த கட்டை இழுத்து வைத்துக்கொள்வாள்.

அந்தக் கட்டுகளில் பாதி, ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவருடையவை. பெரிய பதவியிலிருந்து இறங்கியதும் தன் வரலாறு எழுதத் தொடங்கியவர், இன்னும் நிறுத்தவில்லை. நான்கு தொகுதிகள் வந்துவிட்டன. நான்காவதில்தான் மனிதர் வேலைக்கே சேர்ந்திருக்கிறார். அவர் எழுதிக் கொண்டுவருவது கோப்புக் குறிப்பு மாதிரி இருக்கும். "மேற்படி தினத்தன்று என் தாயார் காலமானார்" என்று எழுதுவார். மேற்படி தினமாம்! பெற்றவள் செத்ததற்கு ஒரு பாராவாவது அழ வேண்டாமா? இவளே உட்கார்ந்து அழுவாள், அவர் பெயரில்.

அப்படி அழுத ஒரு மதியம்தான் அந்தச் சொல் அவர் புத்தகத்துக்குள் போனது. மிச்சவெயில். பொழுது சாயும்போது சுவரின் மேல்பாதியில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் வெயிலுக்கு இவளுடைய அம்மா வைத்த பெயர். "மிச்சவெயில் இருக்கும்போதே துணியை எடுத்துட்டு வா" என்பாள். அகராதியில் கிடையாது, இவள் தேடிப் பார்த்திருக்கிறாள். அதைத் தூக்கி அதிகாரியின் தாயார் வாயில் போட்டாள். அந்த இடத்துக்குப் பொருந்தியது, போட்டாள், அவ்வளவுதான். புத்தகம் வந்ததும் பத்திரிகைகள் அந்த ஒரு சொல்லைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடின. "மிச்சவெயில் தந்த மேதையே!" என்று மேடையில் ஒருவர் முழங்கினார். அதிகாரி அடக்கமாகத் தலைகுனிந்தார். கடைசி வரிசையிலிருந்து இவளும் கைதட்டினாள். புத்தகத்தின் நன்றியுரையில் இவளுக்கும் ஒரு வரி இருந்தது: 'மெய்ப்புப் பார்த்து உதவியவருக்கும்.' பெயர் போட இடமில்லையாம்.

இதற்கிடையில் அவளும் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தாள். பதினோரு வருடம். அடுத்தவர் புத்தகங்களுக்குப் போக மிஞ்சிய நேரத்தில், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, பழைய மெய்ப்புத் தாள்களின் முதுகில் எழுதியது. அம்மாவும், அவர்கள் குடியிருந்த இரண்டு அறை வீடும்தான் கதை. அம்மாவுக்கு இப்போது எண்பத்தொன்று. கண் போய்விட்டது, யாராவது படித்துக் காட்டினால் கேட்பாள். காதாவது இருக்கும்போதே அதைப் புத்தகமாக்கி அவள் கையில் கொடுத்துவிட வேண்டும். ஒற்று அக்காவுக்கு வேறு பேராசை எதுவும் கிடையாது.

சொந்தப் பெயரில் கொடுத்தால் தாட்சண்யத்துக்குப் போட்டுவிடுவார்களோ என்று பயம். அதனால் ஆண் பெயர் ஒன்றைச் சூட்டி, தோழியின் முகவரியிலிருந்து, தன் நிறுவனத்துக்கே தபாலில் அனுப்பினாள். அடையாளம் தெரியாமலிருக்க நாலைந்து பிழைகளை வேண்டுமென்றே விட்டுவைக்கலாம் என்றுகூட யோசித்தாள். ஒரு 'ப்'பை அடித்தும் பார்த்தாள். மனசு கேட்கவில்லை, திரும்ப எழுதிவிட்டாள்.

மூன்றாவது வாரம் முதலாளி கூப்பிட்டார். மேசைமேல் அந்தக் கட்டு.

"உட்காருங்கம்மா. இதை ரெண்டு தடவை படிச்சேன். நீங்க எழுதினதுதானே?"

அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். "எப்படிங்க தெரிஞ்சுது?"

"முந்நூறு பக்கத்துல ஒரு ஒற்றுப்பிழை இல்ல. இப்படி எழுத இந்த ஊர்ல வேற ஆள் ஏது?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "நல்லா இருக்கும்மா. ஆனா இப்படியே போட முடியாது. அதிகாரி ஐயா நடையை அப்படியே காப்பியடிச்சிருக்காங்கன்னு சொல்வாங்க. அந்த மிச்சவெயில் மட்டும் நாப்பது இடத்துல வருது."

"அது எங்க அம்மா சொல்ற சொல்லுங்க. ஐயா நடைன்னு நீங்க சொல்றதே..."

"எனக்குத் தெரியாதா? நாலு தொகுதியும் யாரால எழுந்து நின்னுதுன்னு எனக்குத் தெரியும்மா. வெளியே சொல்ல முடியுமா? ஐயா மானம் போயிடும், அதோட என் கடையும் போயிடும். உங்களையும் ஒருத்தரும் நம்ப மாட்டாங்க." குரலைத் தாழ்த்தினார். "வேற யார்கிட்ட கொண்டுபோனாலும் இதையேதான் சொல்வாங்க. அந்தச் சொல்லை எடுத்துடுங்க. அவர் மாதிரி வர்ற இடத்தையெல்லாம் கொஞ்சம் மாத்திடுங்க. உங்க பேர்லயே, கெட்டி அட்டை போட்டு நான் கொண்டுவர்றேன்."

அவர் மாதிரி வருகிற இடமாம்! கேட்டுக்கொண்டு சும்மா இருந்தாளே, அவளைச் சொல்ல வேண்டும். அந்தக் கட்டை அங்கேயே விசிறியடித்துவிட்டு வந்திருந்தால் நமக்காவது மனசு ஆறியிருக்கும். "சரிங்க" என்று அதை மார்போடு அணைத்துக்கொண்டு மாடியேறினாள்.

வீட்டில் கணவரிடம் மட்டும் சொன்னாள். அம்மாவிடம் சொல்லவில்லை, சொன்னால் தெருவுக்கே தெரிந்துவிடும். "ஒரு சொல்லுதானே, எடுத்துட வேண்டியதுதானே?" என்றார் கணவர். அவர் மருந்துக்கடை வைத்திருப்பவர். கேட்ட மாத்திரை இல்லையென்றால் அதே குணமுள்ள இன்னொன்றைக் கொடுத்துப் பழகியவர்.

திருத்த இரண்டு மாதம் ஆயிற்று. அடுத்தவர் பிரதி என்று நினைத்துக்கொண்டால் பேனா நிற்காது என்பது அவள் கண்ட வழி. மிச்சவெயில் இருந்த இடங்களில் 'மாலை வெளிச்சம்' என்றும் 'அந்தி ஒளி' என்றும் எழுதினாள். அம்மா பாதியில் விட்டுவிடும் வாக்கியங்களை முடித்துவைத்தாள். அம்மாவின் வசவுகள் போயின. அவையும் அதிகாரியின் இரண்டாம் தொகுதியில் ஏற்கெனவே செலவாகியிருந்தன. நடுநடுவே அழுகை வந்தது. ஆத்திரமும் வந்தது. யார்மேல் ஆத்திரப்படுவது? அதிகாரி கேட்டு வாங்கவில்லை. இவளாகத்தான் எடுத்துக் கொடுத்தாள்.

புத்தகம் வந்தது. சொன்னபடியே கெட்டி அட்டை, அதில் அவள் பெயர். அம்மா அதை முகர்ந்து பார்த்தாள். எழுத்து எங்கே இருக்கிறது என்று விரலால் தடவிக் கேட்டாள். ஒன்பது நாள் காலையில் கடைக்குக் கிளம்புமுன் கணவர்தான் படித்துக் காட்டினார். அதிகாரியின் நான்கு தொகுதிகளையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டியவரும் அவர்தான். இலவசப் பிரதி வீட்டுக்கு வருமே.

கடைசிப் பக்கம் முடிந்ததும் ஒற்று அக்கா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்குடி. தப்பே இல்லாம எழுதியிருக்க" என்றாள் அம்மா. "ஆனா அந்த அதிகாரி ஐயா எழுதற மாதிரி இல்ல. அவர் புத்தகத்தைக் கேட்டா நம்ம வீட்டுக்குள்ளயே உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். அவங்க அம்மாகூட என்னை மாதிரியே மிச்சவெயில்னுதான் சொல்வாங்களாம். உன்னோடதுல வர்றவ யாரோ மாதிரி இருக்கா."

கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

அம்மா விடவில்லை. "உங்க ஆபீசுக்குத்தானே வர்றாரு? அடுத்த தடவை எழுதும்போது அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோயேன். பெரிய மனுஷர், சொல்லிக் கொடுப்பாரு."

"கேட்டுக்கறேம்மா" என்றாள்.