துண்டு எங்கே இருக்கிறது

என் வீட்டுக்காரர் வேலந்தாவளம் சந்தையில் மாட்டுத் தரகர். துண்டுக்கடியில் விரலைப் பிடித்தே விலை பேசுவார். வியாபாரம் படிந்த நாளில் துண்டு தோளில் கிடக்கும். முறிந்த நாளில் வலது கையில் சுற்றியிருக்கும், அன்றைக்கு அடி நிச்சயம். அப்படிச் சுற்றிய கையால்தான் ஒருநாள் என் இடது கண்ணில் குத்தினார். எனக்கு உருப்படியாக இருந்ததே அந்த ஒரு கண்தான். வலது கண் பிறந்ததிலிருந்தே தெரியாது.

குத்தியதில் விழித்திரை கிழிந்துவிட்டது. மாடு முட்டியது என்று சொல்லிப் பொள்ளாச்சியில் ஆபரேஷன் செய்து ஒட்டவைத்தோம். பாவம், மாட்டின் தலையில் பழி. பிறகு அதே கண்ணில் புரை விழுந்தது. கேட்டருகே ஆள் வருவது தெரியும், துண்டு தெரியாது. ஒதுங்க வழியில்லாமல் நான் அதிகம் அடி வாங்கியது அப்போதுதான். ஒருமுறை சுவரில் தலையை மோதினார். வாயில் ரத்தத்தோடு மாவு அரைத்தேன்.

புரையை எடுத்து லென்ஸ் வைக்க மறுபடி அதே ஆஸ்பத்திரிக்குப் போனோம். இருப்பதிலேயே விலை கூடினதை, கிட்டத்திலும் தூரத்திலும் தெரிவதை வைக்கச் சொன்னார் இவர். மாட்டையும் விலையை வைத்தே எடைபோடுகிற ஆள். அந்த லென்ஸ் வெளிச்சத்தைப் பிரித்து அனுப்பும், தழும்பேறிய விழித்திரைக்கு அது ஆகாது என்றார் டாக்டரம்மா. சாதா லென்ஸ்தான் நல்லது, ஆனால் ஒரு தூரத்துக்குத்தான் தெளிவாகத் தெரியும், மற்றதற்குக் கண்ணாடி போட வேண்டும். கிட்டத்துக்கா தூரத்துக்கா என்று கேட்டார்.

"பக்கத்துல தெரியறாப்பல வெச்சுருங்க. ஊட்டுக்குள்ளதான இருக்கறா," என்றார் இவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தூரந்தானுங்க வேணும்," என்றேன். "இவுரு கேட்டுக்குள்ள வரயிலயே துண்டு தோள்ல கெடக்குதா, கையில சுத்தியிருக்குதான்னு தெரியோணுங்க. இந்தக் கண்ண முட்டுனது மாடு இல்லீங்க."

டாக்டரம்மா இவருடைய கையைப் பார்த்தார். இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

தூரத்துக்கே வைத்தார்கள். கண் தேறியபின் ஒரு சந்தை நாள். இவர் கேட்டைத் திறந்தார். துண்டு கையில் சுற்றியிருந்தது, அதன் பச்சைக் கரைகூடத் தெரிந்தது. நான் அரிவாளை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன். கிட்டத்தில் வந்தால் எனக்கு மங்கலாகிவிடுவார் என்பதால், அங்கேயே நிற்கச் சொன்னேன். நின்றார்.