ஸ்டெல்லா நோர்டே இப்போது எங்கே?

ஜன்னலை மூடப்போகிறார்கள் என்று மனாங் டெல்பா என்னிடம் சொன்னபோது, படகுத்துறை டிக்கெட் கவுண்டரில் எனக்குப் பின்னால் ஏழு பேர் நின்றார்கள். குயிமராஸ் தீவுக்குப் போகிறவர்களுக்குச் சீட்டுக் கிழித்துக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாள்.

"முப்பதாம் தேதியோட சரி, ரூபிலின். மத்தியானம் பன்னெண்டு மணிக்கு எல்லாத்தையும் அழிச்சிடுவாங்களாம். மெயில் வந்திருக்கு."

"யாரு அழிக்கிறது?"

"நமக்கு இடம் குடுத்திருந்த கம்பெனிக்காரன்தான். பழைய தளமெல்லாம் இனிமே வச்சுக்க மாட்டானாம். தள்ளி நில்லு, வாழைத்தாரோட ஆளு நிக்குது."

தள்ளி நின்றேன். வேறு என்ன செய்ய?

'ஜன்னல்' எங்கள் இணையக் குழுமம். கப்பலில் வேலை பார்ப்பவர்களின் மனைவிமார் எழுதிக்கொள்ளும் இடம். எங்கள் ஊரான இலோயிலோவில் கல்லை விட்டெறிந்தால் ஒரு கப்பல்கார வீட்டுக் கூரையில்தான் விழும். பத்தொன்பது வருடங்களுக்கு முன் டெல்பா அதை ஆரம்பித்தாள். எங்கள் எல்லோரையும்விட மூத்தவள் என்பதால் எங்களுக்கு அவள் மனாங், அக்கா. அவள் கணவர் ஆன்செல்மோ, ஸ்டெல்லா நோர்டே என்ற சரக்குக் கப்பலின் இயந்திர அறையில் எண்ணெய் போடும் வேலையில் இருந்தார். அந்தக் காலத்தில் ஆள் கப்பலேறினால் ஒன்பது மாதம் கிணற்றில் போட்ட கல்தான். துறைமுகத்தில் இறங்கி, போன் கிடைத்து, அட்டை வாங்கி, நமக்கு லைன் கிடைத்தால் இரண்டு நிமிடம் பேசலாம். அதிலும் ஒரு நிமிடம் அழுகையில் போய்விடும்.

டெல்பாவுக்கு அழுகை வராது. கோபம்தான் வரும். கப்பல் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் ஒரு பெண் எப்படிச் சோறு தின்பாள் என்று, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இண்டர்நெட் கடைக்குப் போய் உட்கார்ந்து தேட ஆரம்பித்தாள். தன் கணவரின் கப்பலைத் தேடியவள் பக்கத்து வீட்டுக்காரியின் கப்பலையும் தேடினாள். அப்படி வளர்ந்ததுதான் ஜன்னல். ஒவ்வொருத்திக்கும் ஒரு திரி, அவளுக்கென்று தனிப் பக்கம். அதில் கணவர் பெயர், கப்பல் பெயர், இன்று எங்கே இருக்கிறது என்று டெல்பா எழுதுவாள். அதன் கீழே மற்றவர்கள் ஹாலோங், அதாவது பத்திரம், என்று ஒரு வார்த்தை எழுதுவோம்.

அவள் போட்ட சட்டம் இரண்டே இரண்டு. யாரும் 'போகிறேன்' என்று எழுதக்கூடாது. கடலில் ஆள் இருக்கும்போது வீட்டில் அந்த வார்த்தை ஆகாது. அடுத்தது, ஆள் வாசற்படி மிதித்த அன்று 'வீடு வந்தாச்சு' என்று எழுதித் திரியைப் பூட்ட வேண்டும். அதுவரை என்ன ஆனாலும் பூட்டக்கூடாது.

குளோரிவிக்கின் கணவர் இருந்த கப்பலைக் கொள்ளைக்காரர்கள் பிடித்து அறுபத்திரண்டு நாள் வைத்திருந்தார்கள். குளோரிவிக் பக்கத்து ஊரான ஓட்டோனில் இருக்கிறாள். வாய் ஓயாத பேர்வழி. அந்த அறுபத்திரண்டு நாளும் வாயே திறக்கவில்லை. டெல்பா தினமும் கப்பலுக்கு ஆள் அனுப்பும் அலுவலகத்துக்குப் போன் போட்டு உயிரை எடுப்பாள். இவள் குரலைக் கேட்டாலே அங்கிருந்த குமாஸ்தா காபி குடிக்கப் போய்விடுவானாம். ஆனாலும் தினமும் சாயங்காலம் திரியில் ஒரு வரி இருக்கும்: 'இன்றும் அதே இடம். எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள்.' அதற்குக் கீழே நானூறு 'பத்திரம்'.

இப்போது அந்த நானூறில் மிச்சம் இருப்பவர்கள் டெல்பாவைத் தவிர பதினொரு பேர். யாரையும் குறை சொல்ல முடியாது. கப்பலிலேயே இணையம் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் நெல்டன் ஒரு கப்பலில் சமையல்காரர். அட்லாண்டிக் நடுவிலிருந்து வீடியோவில் கூப்பிட்டு, குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா, பாத்திரத்தைக் காட்டு என்கிறார். நான் குளிக்கப் போனாலும் விடுவதில்லை. இப்படிப்பட்ட ஆளின் கப்பல் எங்கே இருக்கிறது என்று இன்னொருத்தி சொல்லித்தானா எனக்குத் தெரிய வேண்டும்? ஆனாலும் போய்க்கொண்டிருந்தேன். அதற்குக் காரணம் ஆன்செல்மோவின் திரி.

ஒவ்வொரு ஞாயிறும் காலைப் பூசை முடித்து டெல்பா கவுண்டருக்கு வந்துவிடுவாள். பத்தரை மணிக்குக் காபி இடைவேளை. அப்போது தன் திரியில் எழுதுவாள். 'ஸ்டெல்லா நோர்டே. டர்பனிலிருந்து புறப்பட்டது. வெயில் அதிகம். ஆன்செல்மோ நலம்.' நாங்கள் பதினொரு பேரும் கீழே 'பத்திரம்' போடுவோம். ஒருத்தியும் தவறியதில்லை.

ஆறு வருடத்துக்கு முன் நெல்டன் விடுமுறையில் வந்திருந்தபோது, ஒரு கல்யாணத்துக்காகத் தெற்கே ஜெனரல் சாண்டோஸுக்குப் போய்வந்தார். வந்தவர் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"உன் மனாங்கோட வீட்டுக்காரர் எங்க இருக்கார்னு சொன்ன?"

"இந்த வாரம் சிங்கப்பூர் பக்கம்."

"சிங்கப்பூரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ஜெனரல் சாண்டோஸ்ல பஞ்சர் ஒட்டிக்கிட்டிருக்கார். எங்க வண்டிக்கே அவர்தான் ஒட்டினார். பக்கத்துல ஒரு பொம்பள, மூணு பிள்ளைங்க. பெரியவனுக்கு மீசை முளைச்சிருச்சு."

"நல்லாப் பாத்தீங்களா?"

"என்கிட்டயே கேட்டாரு, இலோயிலோல மழை உண்டான்னு."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த ஆள் மேல் வந்ததில் பாதி டெல்பா மேலும் வந்தது. தெரியாமல் எழுதுகிறாளா, தெரிந்தே எழுதுகிறாளா? கேட்டுவிடலாம் என்று நாலு தடவை கவுண்டர் வரை போனேன். நாலு தடவையும் பச்சை மாங்காய் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். ஞாயிறு பத்தரைக்கு என் விரல் தானாகப் 'பத்திரம்' என்று அடித்தது. ஆறு வருடம் இந்த ரகசியத்தை வயிற்றில் கட்டிக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கடைசி வாரத்தில்தான் சிக்கல் வந்தது. தளம் அழியும்போது எந்தத் திரியும் திறந்து கிடக்கக்கூடாது என்று டெல்பா பிடிவாதமாக இருந்தாள். ஆனால் கணவன்மார் பலர் கடலில். வீடு வராத ஆளின் திரியை எப்படிப் பூட்டுவது?

"ஒவ்வொருத்தியும் நேரா என்கிட்ட சொல்லணும்" என்றாள் போனில். "என் புருஷன் இன்ன கப்பல்ல, இன்ன இடத்துல இருக்காரு, இனிமே நானே பாத்துக்கறேன்னு சொல்லணும். அப்புறம்தான் பூட்டுவேன்."

"எதுக்கு மனாங் இவ்வளவு இழுவை? தானா அழியட்டுமே."

"பாத்துக்கறேன்னு சொல்லித்தானே வாங்கி வச்சிருந்தேன்? சொல்லாம கொள்ளாம நடுத்தெருவுலயா விட்டுட்டுப் போறது?"

அவளுக்கு அப்போது குரலே சரியில்லை. பத்தொன்பது வருடம் தட்டித் தட்டி வலது மணிக்கட்டு வீங்கி, துணி சுற்றியிருந்தாள். கண்ணுக்குச் சொட்டு மருந்து. "அலுத்துப் போச்சுடி. ஆனா அரைகுறையா விட்டா தூக்கம் வராது" என்றாள்.

முப்பதாம் தேதி லீவு போட்டிருந்தாள். நாங்கள் ஐந்து பேர் காலையிலேயே அவள் வீட்டுக்குப் போனோம். வெளியூர்க்காரிகள் ஆறு பேர் அவரவர் வீட்டில் போனைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்கள். குளோரிவிக் ஒரு பெரிய பானை பன்றிக்கறிக் குழம்பைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். "கருமாதி வீட்டுக்கு வர்ற மாதிரி இருக்கு" என்று வாசலிலேயே ஆரம்பித்தாள்.

"வாயை மூடு" என்றேன்.

டெல்பா கணினி முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு திரியாகப் பூட்டினாள். என் முறை வந்தபோது, "நெல்டன், அட்லாண்டிக், இனிமே நானே பாத்துக்கறேன்" என்றேன். உப்புக் கேட்கிற மனிதனுக்காக எனக்கு அழுகை வரும் என்று யார் நினைத்தார்கள்?

பதினொன்றரைக்குப் பதினொரு திரியும் பூட்டியாகிவிட்டது. மிச்சம் ஒன்று. டெல்பா அதைத் திறந்து வைத்துக்கொண்டு கையை மடியில் போட்டபடி உட்கார்ந்திருந்தாள்.

தட்டு எடுக்கிற சாக்கில் நான் சமையலறைக்குப் போனேன். பின்னாலேயே குளோரிவிக் வந்து என் கையைக் கிள்ளினாள்.

"என்ன எழுதப் போறா? பாவம்டி, அவளுக்குத் தெரியாது."

"என்ன தெரியாது?"

"அந்தக் கப்பலே இல்ல. உடைச்சு இரும்புக்குப் போட்டுப் பன்னெண்டு வருஷம் ஆச்சு. நான் அப்பவே தேடிப் பாத்தேன். யார்கிட்டயும் சொல்லல."

எனக்குப் பின்னால் இன்னொருத்தி முனகினாள்: "எனக்கும் தெரியும். என் கொழுந்தனார்தான் கப்பல் உடைக்கப் போனதைப் பாத்தார்." மற்ற இருவரும் தட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கும் தெரியும். அட கடவுளே, ஆளுக்கொரு பக்கம் ஒரே மூட்டையைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறோம்!

"சமையக்கட்டுல என்ன மாநாடு?" கூடத்திலிருந்து டெல்பாவின் குரல். "வெளிய வாங்கடி. உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்."

ஐந்து பேரும் திருடிகள் மாதிரி வரிசையாக வெளியே வந்தோம்.

"உங்க புருஷன் கப்பலை ஒரு மைல் தள்ளிப் போட்டா மேப்பைத் தூக்கிக்கிட்டு என்கிட்ட சண்டைக்கு வருவீங்க. ஸ்டெல்லா நோர்டே ஒரு ஞாயித்துக்கிழமை டர்பன்ல இருந்துச்சு, அடுத்த ஞாயித்துக்கிழமை யோகோஹாமா போய்ச் சேந்துச்சு. அது கப்பலா, ராக்கெட்டா? ஒருத்தியாவது கேட்டீங்களா?"

குளோரிவிக் கையிலிருந்த தட்டைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"எத்தனை வருஷமா தெரியும், மனாங்?" என்று நான்தான் கேட்டேன்.

"பதினஞ்சு. அவரே கடுதாசி போட்டாரு, அங்கேயே இருந்துக்கறேன்னு. மொதல்ல வெக்கம். ஊருக்கெல்லாம் புருஷனைத் தேடிக் குடுக்கறவ புருஷன் காணாமப் போயிட்டான்னா சிரிப்பாங்கன்னு எழுதினேன். அப்புறம் நீங்க சிரிக்க மாட்டீங்கன்னு தெரிஞ்சுது. அப்பவும் எழுதினேன்." கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். சொட்டு மருந்து இல்லை. "ஞாயித்துக்கிழமை பத்தரை ஆனா பதினோரு பேரு எனக்குப் பத்திரம்னு எழுதுவீங்க. அவருக்குன்னு எழுதினாலும் படிக்கறது நான்தானே? என்னைப் பாத்து அதைச் சொல்ல வேற யாருடி இருக்கா?"

மணி பதினொன்று ஐம்பது. குளோரிவிக் மூக்கைச் சிந்தினாள். டெல்பா நாற்காலியை முன்னால் இழுத்து, வீங்கிய கையால் மெதுவாக அடித்தாள். நாங்கள் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தோம்.

'ஆன்செல்மோ கடலில் இல்லை. ஸ்டெல்லா நோர்டே இல்லை. டெல்பா, இலோயிலோ. வீடு வந்தாச்சு.'

பூட்ட வேண்டியதுதான். அவள் விரல் அங்கேயே நின்றது. நான் பையிலிருந்து போனை எடுத்தேன். மற்றவர்களும் எடுத்தார்கள். 'பத்திரம், மனாங்' என்று அடித்தேன். திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தது. வெளியூர் ஆறு பேரும் எழுதிவிட்டார்கள். பதினொன்றையும் அவள் விரலால் தொட்டு எண்ணினாள். பிறகு பூட்டினாள்.

பன்னிரண்டு மணி இரண்டு நிமிடத்துக்குப் பக்கத்தைத் திறந்தால் வெள்ளையாக இருந்தது. "சோறு ஆறுது" என்று சொல்லி டெல்பா எழுந்தாள். குழம்பில் உப்பு அதிகம். யாரும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. பத்தே காலுக்குப் படகுத்துறைக்குப் போய் வரிசையில் நின்றேன். என் முறை வரும்போது சரியாகப் பத்தரை. டெல்பா காபிக் கோப்பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

கவுண்டர் கம்பி அருகே குனிந்து சொன்னேன்: "பத்திரம், மனாங்."

அவள் காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். பிறகு சீட்டுக் கட்டை இழுத்தாள்.

"டிக்கெட் வேணுமா வேண்டாமா? பின்னாடி ஆளு நிக்குது பாரு."

திரும்பிப் பார்த்தேன். ஓட்டோனிலிருந்து ஜீப்னி பிடித்து வந்து, வேர்த்து விறுவிறுத்து, எனக்குப் பின்னால் குளோரிவிக் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் தீவில் ஒரு வேலையும் கிடையாது.