கஞ்சியக்காவின் அழுகை

என் கணவரின் அண்ணன் மனைவியை, அதாவது என் ஓரகத்தியை, சலவைக்கூடத்தில் எல்லோரும் கஞ்சியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். விடுதி மேசைத் துணிகளுக்குக் கஞ்சி போடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. நடையிலும் அதே விறைப்பு. மாடியில் அவள் குடும்பம், கீழே நாங்கள். அங்கே எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். இல்லை என்று சொல்லவில்லை. நாலு பேர் இருக்கும்போது அதைச் சொல்லிக் காட்டாமல் அவளும் இருந்ததில்லை.

மடிப்பு மேசையின் பொறுப்பை எனக்குத் தரப்போவதாக சூப்பர்வைசர் சொன்ன அன்று அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! "நேத்து வந்தவளுக்கு வந்த வாழ்வைப் பாரு" என்று என் காதுபடவே சொன்னாள்.

எங்கள் கூடத்தில் தலையணை உறைகளைப் புரட்டி உதறிய பிறகுதான் துவைக்கப் போடுவோம். உள்ளே யாருடைய கைக்குட்டையாவது கிடக்கும். உதறியவர் மூட்டையின் வாயில் இரட்டை முடிச்சுப் போடுவார். முடிச்சைப் பார்த்தால் அடுத்தவர் சோதிக்க வேண்டியதில்லை. அந்த வாரம் கஞ்சியக்கா ஊர்வம்பு பேசிக்கொண்டே, உதறாமல் முடிச்சுப் போட்டுவிட்டாள். நானும் நம்பி, விரிப்புகளோடு சேர்த்து மெஷினில் கொட்டினேன். ஓர் உறைக்குள் சிவப்புக் காலுறை. வெள்ளை விரிப்பு அத்தனையும் ரோஸ் நிறத்தில் வெளியே வந்தது.

"மூட்டையை உதறினது யாரு?" என்றார் சூப்பர்வைசர்.

"எனக்குத் தெரியாது சார். மெஷின்ல போட்டது இவதான்" என்றாள் கஞ்சியக்கா.

மேனேஜர் கேட்டார். தெரியாது. வீட்டில் அவள் கணவரே கேட்டார். "எத்தனை தடவை சொல்றது? தெரியாதுன்னா தெரியாது!" நான் தொண்டை கிழியக் கத்தினேன். என் பேச்சு எங்கே எடுபடும்? என் வேலை போயிற்று. மடிப்பு மேசை அவளுக்குப் போயிற்று.

அதோடு விட்டிருந்தாலாவது தொலையட்டும் என்றிருப்பேன். மனசாட்சி உறுத்தியதோ என்னவோ, சபையில் முன்வரிசையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். 'ஒருத்திக்குத் துரோகம் செய்துவிட்டேன்' என்று போதகரிடம் பொதுவாகச் சொல்லி விம்மினாள். பெண்கள் சூழ்ந்துகொண்டு கட்டியணைத்தார்கள். "எப்பேர்ப்பட்ட மனசு!" என்று பாராட்டு வேறு. வேலை போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த என்னைக் கேட்க நாதியில்லை. என் வேலையையும் எடுத்துக்கொண்டு, அனுதாபத்தையும் அவளே வாரிக்கொண்டு போனால் எப்படி? வீட்டிலோ, என்னைக் கண்டால் சுவரைப் பார்த்தபடி மாடி ஏறிவிடுவாள்.

ஒரு ஞாயிறு அவளைப் படிக்கட்டிலேயே மறித்தேன்.

"அக்கா, யூதாஸும்தான் மனசு உடைஞ்சு போனான். ஆனா யார்கிட்ட போய்ச் சொன்னான்? காட்டிக்கொடுக்கக் கூலி குடுத்தவங்ககிட்ட. 'எங்களுக்கென்ன'ன்னு அவங்க கைகழுவிட்டாங்க. பேதுருவும் மூணு தடவை ஆண்டவரைத் தெரியாதுன்னான். அப்புறம் கரையில அவரைக் கண்டதும் கடல்ல குதிச்சு அவர்கிட்டயே வந்தான். உங்களுக்கும் எனக்கும் நடுவுல கடலா இருக்கு? இந்தப் படிக்கட்டுதானே!"

அவள் என்னை விலக்கிக்கொண்டு படியேறினாள். மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சரி, இவள் இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் என் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"கூடத்துல எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். உதறாம முடிச்சுப் போட்டது நான்தான்னு. நாளைக்கு நீ வேலைக்கு வரணுமாம்."

"நீங்க?"

"என்னை நிறுத்திட்டாங்க." அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "உன்மேல பொறாமைடி எனக்கு. அதான் தெரியாதுன்னு பொய் சொல்லிட்டேன். என்னை மன்னிச்சுடு."

அவளைக் கிழிகிழியென்று கிழிக்க எத்தனை நாளாக வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன்! ஒன்றுகூட வாயில் வரவில்லை. "உட்காருங்க, டீ போடறேன்" என்றுதான் வந்தது.

டீயோடு திரும்பினால், மேசையில் தலை சாய்த்துத் தூங்கிப்போயிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. அந்த விறைப்பெல்லாம் எங்கே போயிற்றோ.

போன வேலை எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. இருந்தும் அவளைப் பார்க்கப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. அப்படி நான் தூங்கி மாதக்கணக்காகிறது.