மாடியில் ஊற்றிய தண்ணீர்

அரியலூரை மறுபடியும் பெரம்பலூர் மாவட்டத்தோடு சேர்த்திருந்த சமயம் அது. நாங்கள் கட்டிக் குடிபோன வீடு வீடே இல்லை, அடுப்பு. கீழே சுண்ணாம்புக்கல் பூமி, மேலே கான்கிரீட் தளம். சித்திரையில் பகலெல்லாம் மூன்று ஃபேன்கள் ஓடியும் அனல்தான் இறங்கியது. என் மனைவிக்கு அப்போது ஆறாம் மாதம். அதற்கு முன் இரண்டு கலைந்து போயிருந்தன. இதுவாவது தங்க வேண்டுமே என்று நான் வேண்டாத சாமி இல்லை.

மொட்டை மாடியில் வைக்கோலைப் பரப்பி, மேலே கோணிச்சாக்கு விரித்து, தினமும் காலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். பத்தே நாளில் வீடு குளிர்ந்துவிட்டது. பகலில் ஃபேனையே நிறுத்திவிட்டோம். ஆபீஸில் ஒருவரையும் விடாமல் பீற்றிக்கொண்டேன்.

கூடத்துச் சுவர்தான் நன்றாகக் குளிர்ந்திருந்தது. மதியம் அவள் அதன் ஓரமாகத்தான் உட்காருவாள். ஒருநாள் சொன்னாள்: "என்னங்க, இந்தச் சுவத்துல என்னமோ இருக்குங்க. தொட்டா சுருசுருன்னு கைய இழுக்குது."

தொட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. எனக்கு மூக்கு நுனியில் கோபம். "மாத்திரைய ஒழுங்கா போட்டாத்தானே! ஒடம்புல சத்து இல்லாம சுவத்தக் குத்தம் சொல்றியா?" என்று கத்தினேன்.

மீன்சுருட்டியிலிருந்து மாமியார் வந்தார். வந்த அன்றே சுவரில் கை வைத்தவர் "அய்யய்யோ!" என்று அலறிப் பின்னால் சாய்ந்தார்.

"மாப்ள, இது காத்து கருப்புங்க. புள்ளத்தாச்சி இருக்குற வூடு, அப்படியே வுட்டுடாதீங்க."

மஞ்சள் தண்ணீர் கரைத்து, வேப்பிலைக் கொத்தால் சுவரெங்கும் தெளித்தார். தரையெல்லாம் ஓடியது. தினமும் தெளித்தார். அது அடங்குவதாக இல்லை. முதலில் கை வைத்தால்தான் இழுத்தது. பிறகு அந்த ஈரத்தில் நின்றாலே பாதம் கூசுகிறது என்றார்கள். பூனை கூடத்துக்குள் வருவதை விட்டுவிட்டது. நான் யாருக்கும் தெரியாமல் மறுபடி தொட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. எனக்கு மட்டும் தட்டுப்படாமல் ஒளிந்துகொள்கிறதோ என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயில். ஃபேன் இல்லை, லைட் இல்லை, வீடு முழுக்க எல்லாம் அணைந்திருந்தது. தற்செயலாக மீட்டரைப் பார்த்தேன். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. அதிலிருந்த சிவப்புக் கோடு மெதுவாக வந்தது, மெதுவாகப் போனது, திரும்ப வந்தது. ஆளில்லாத வீட்டில் யாரோ நிதானமாக உட்கார்ந்து சாப்பிடுவது போலிருந்தது. ப்யூஸைப் பிடுங்கினேன். சக்கரம் நின்றது.

தெருமுனை எலக்ட்ரீஷியனை அழைத்து வந்தேன். ப்யூஸைப் போட்டு, டெஸ்டரைச் சுவரில் வைத்தார். மஞ்சள் தெளித்த இடத்திலெல்லாம் டெஸ்டர் எரிந்தது.

"மாடித் தண்ணி இறங்கி உள்ள வயர்ல ஊறியிருக்கு சார். வயர் எங்கயோ உரிஞ்சிருக்கு. சுவரு பூரா கரண்டு. இத்தன நாளு உங்களுக்கு எப்படித் தெரியாம போச்சு?" என்றவர் என் காலைப் பார்த்துவிட்டு, "ஓ, அதானா" என்றார்.

பித்தவெடிப்புக்காக நான் வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்புதான் போடுவேன். அவர்கள் இருவரும் வெறுங்கால்.

அவள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். வயிற்றில் கை வைத்தபடி தன் அம்மாவிடம் மெல்லச் சொன்னாள்: "காலையிலேருந்து புள்ள அசையலம்மா."

ஆட்டோ பிடித்து ஓடினோம். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா அவள் வயிற்றில் குழலை வைத்துக் காது கொடுத்தார். இடம் மாற்றி வைத்தார். மறுபடி மாற்றினார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொன்றுவிட்டேன், என் கையாலேயே தண்ணீர் ஊற்றிக் கொன்றுவிட்டேன் என்று மட்டும்தான் மனசுக்குள் ஓடியது.

"துடிக்குது. நல்லாவே துடிக்குது" என்றார் நர்ஸம்மா.

நான் வெட்கமில்லாமல் அழுதேன். அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் கையை இழுத்துக்கொண்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.