ஆறாவது சோடி

இந்த நாட்டில் வீட்டைச் சோதிக்க வருகிறவர்கள் முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்புகிறார்கள். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குப் பிறகு வருவோம், நீங்கள் வீட்டில் நிற்க வேண்டியதில்லை என்று எழுதி, கீழே ஒரு சிரிக்கும் முகமும் போட்டிருப்பார்கள். ஒனிஹங்கா என்ற இந்த ஊரில் இப்போதைய வாடகை வீட்டுக்கு வந்து ஆறு வருடமாகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்‌ஷன். அவர்கள் பார்ப்பது குளியலறைப் பூஞ்சணத்தையும் புகை அலாரத்தையும்தான். எனக்கென்னவோ மின்னஞ்சல் வந்த நாளிலிருந்து சோறு இறங்காது. முதியோர் இல்லத்து வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, மூன்று பேருடைய பாஸ்போர்ட்டையும் மேசையில் அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருப்பேன். "அவள் பூஞ்சணம் பார்க்க வாறாள், உன்னைப் பார்க்க இல்லை" என்று என் கணவர் பகிடி பண்ணுவார்.

போன மாதம் ஒரு சிக்கல். வீட்டில் நாலாவதாக ஓராள் இருந்தாள். கவிதா, மதுரைப் பிள்ளை, நர்சிங் படிக்க வந்தவள். அறை கிடைக்கும்வரை இரண்டு கிழமை என்று வந்து மூன்று மாதமாகிவிட்டது. வாடகை ஒப்பந்தத்தில் அவள் பெயர் இல்லை. "ஜஸ்ட் டெல் தெம், அம்மா" என்றாள் இங்கே பிறந்த என் மகள். சொல்வதாவது! செவ்வாய் காலை கவிதாவின் மெத்தையைச் சுருட்டிக் கராஜில் வைத்தேன். அவளுடைய பிரஷ்ஷை எடுத்தேன். வாசலில் கிடந்த அவளுடைய வெள்ளைச் சப்பாத்துச் சோடியைத் தூக்கி வாஷிங் மெஷினுக்குள் போட்டு மூடினேன்.

"பிள்ளை, ஒரு மணித்தியாலம் வெளியில போயிட்டு வாறீரோ?"

"ஏன் ஆன்ட்டி? நான் ஏதாச்சும் தப்பு பண்ணிட்டேனா?"

"இல்லையம்மா. ஆக்கள் வருகினம்."

அவளுக்கு விளங்கவில்லை. விளங்கும்படி சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. வீட்டுச் செருப்போடு, குடைகூட எடுக்காமல் போனாள்.

சப்பாத்தை ஏன் ஒளித்தேன் என்று சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர் இராணுவத்தின் பிடியில் இருந்தபோது வீட்டுக்கு வீடு பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். யார் யார் இருக்கிறார்கள், வயது என்ன, அடையாள அட்டை இலக்கம் என்ன. ஒரு பிரதி முகாமுக்கு, மற்றது எங்கள் கதவின் உட்புறத்தில். வந்து தங்குகிற விருந்தாளியையும் பதிய வேண்டும். சனம் அதற்கும் பழகிவிட்டது என்பதை நினைக்க இப்போது வெட்கமாக இருக்கிறது. கலியாணத்துக்கு ஆள் கூப்பிடும்போதே, யாரைப் பதியலாம் யாரைப் பதிய ஏலாது என்று யோசித்துத்தான் கூப்பிட்டோம். நான் கையெழுத்து அழகு என்று பேரெடுத்தவள். ஒழுங்கையில் ஏழெட்டு வீட்டுப் பட்டியல் என் கையால் எழுதியது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்த முறை பட்டியல் புதுப்பிக்கும்போது எங்கள் வீட்டில் நேசன் அண்ணை நின்றார். அம்மாவின் ஒன்றுவிட்ட அக்கா மகன், இயக்கத்தின் கையிலிருந்த வன்னியிலிருந்து கண் ஒப்பரேஷனுக்கு வந்தவர். "நேசனைப் போடுறதோ விடுறதோ, நீ யோசிச்சு எழுது பிள்ளை" என்று அப்பா பொறுப்பை என் தலையில் போட்டார். வன்னி என்று கண்டால் விசாரிக்க வருவார்கள். வந்தால் பதினேழு வயதுத் தம்பியில் கண் விழும். அந்தப் பயத்தில் ஐந்து பேரை மட்டும் எழுதி, கீழே அழகாக ஒரு கோடும் அடித்தேன். நேசன் அண்ணையிடம் சொல்லவில்லை.

நாலாம் நாள் காலை இராணுவத்தின் சுற்றிவளைப்பு. அதிகாரி உள்ளே வரவேயில்லை. படியில் நின்று குனிந்து செருப்புகளை எண்ணினான். "ஆறு சோடி. அஞ்சு பேர்" என்றான், தெரிந்த தமிழில். நேசன் அண்ணை தானாகவே வெளியே வந்தார். ஒரு கண்ணில் கட்டு. மற்றக் கண்ணைக் கதவிலிருந்த பட்டியலுக்குக் கிட்டக் கொண்டுபோய், மேலிருந்து கீழே பார்த்தார்.

"என்ர பேர் இல்லையோ, தங்கச்சி?"

"மறந்துபோனன் அண்ணை" என்றேன்.

வெறுங்காலோடு கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. மற்ற வீடுகளில் பட்டியலில் இருந்தவர்களையும் கொண்டுபோனார்கள்தானே என்று என் கணவர் தேற்றுவார். அது உண்மைதான். ஆனால் அவரை எழுதாமல் விட்டது அவர்கள் இல்லை, நான். மறந்துபோனேன் என்று அவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னதும் நான்தான்.

செவ்வாய்க்கிழமை வந்தவளின் பெயர் மெலிஸா, என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கும். பாஸ்போர்ட்டுகளை நீட்டினேன். "ஓ, ஹாலிடே போகிறீர்களா?" என்று சந்தோஷமாகக் கேட்டாள். அலாரத்தை அமத்திப் பார்த்தாள். பிறகு யன்னலால் வெளியே பார்த்தாள். மழை பிடித்துக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் கூரையில்லாத பஸ் தரிப்பு வாங்கில் கவிதா நனைந்துகொண்டு குந்தியிருந்தாள்.

"பாவம். அவளைத் தெரியுமா உங்களுக்கு?"

"நோ" என்றேன். யோசிக்க முன்னமே வாய் சொல்லிவிட்டது.

மெலிஸா வெளியே போய், காரிலிருந்து குடையை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். இருவரும் ஏதோ கதைத்தார்கள். கவிதா கையை நீட்டி எங்கள் வீட்டைக் காட்டினாள். மெலிஸா திரும்பிப் பார்த்தாள். நான் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்தேன். ஐம்பது வயதில், நான் வாடகை கட்டுகிற வீட்டுக்குள்.

கவிதா அந்தக் குடையோடு உள்ளே வந்தாள். "எங்க இருக்கீங்கன்னு கேட்டாங்க. இந்த வீடுதான்னு சொல்லிட்டேன். தப்பா ஆன்ட்டி?"

"நீர் ஒரு பிழையும் செய்யேல்லை. நான்தான் உம்மைத் தெரியாதெண்டு சொன்னனான்."

அவள் ஈரக் குடையைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் மின்னஞ்சல் வந்தது. இந்த வீட்டில் ஐந்து பேர்வரை இருக்கலாமாம், ஒப்பந்தத்திலேயே இருக்கிறதாம், புதியவரின் பெயரை இணைத்துள்ள படிவத்தில் எழுதி அனுப்பினால் போதுமாம். 'நோ வொரீஸ்', கீழே அதே சிரிக்கும் முகம். ஆறு வருடமாக நான் அந்த ஒப்பந்தத்தை வாசித்ததேயில்லை. படிவத்தை அச்செடுத்துக் கையால் எழுதினேன். நாலாவதாகக் கவிதாவின் பெயர். கையெழுத்து இன்னும் அழகாகத்தான் இருக்கிறது. கீழே கோடு அடிக்கப் போன கையை இழுத்துக்கொண்டேன்.

வாசலில் இப்போது நாலு சோடி கிடக்கின்றன. வேலைக்கு வெளிக்கிடும்போது எண்ணுவேன், எண்ணாமல் ஏலாது. நேசன் அண்ணையின் செருப்பை அம்மா யாரையும் தொட விடவில்லை. நாங்கள் ஊரைவிட்டு வெளிக்கிட்ட அன்றும் அது படியில் அதே இடத்தில் கிடந்தது. கடைசியாகக் கதவைப் பூட்டியவள் நான். அதைத் தாண்டித்தான் வந்தேன்.